டப்பா ரயில்

12.06.2017 – ரூ. 3,000
03.06.2019 – ரூ. 3,500
01.04.2020 – இல்லை
01.11.2021 – ரூ. 3,500
13.06.2022 – ரூ. 4,500
10.06.2024 – ரூ. 5,000
30.09.2024 – ரூ. 5,000

போடிநாயக்கனூரில் உள்ள ஓர் உதவிபெறும் தொடக்கப்பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்த ரேணுகாவின் மாதச் சம்பளம் இது. முதல் ஆறும் சம்பளம் நிர்ணயித்த நாட்கள். ஏழாவது, கடைசியாகச் சம்பளம் கொடுத்த நாள். மூன்றாவது வரியில் 'இல்லை' என்றிருப்பது கொரோனாவில் பள்ளி மூடியிருந்த காலம். அந்தப் பள்ளியில் ஓவியத்துக்கென்று அரசு ஊதியத்தில் பணியிடம் கிடையாது. நிர்வாகக் குழுதான் ஒரு தொகை போட்டுக் கொடுத்தது. அலுவலகக் கணக்கு என்னிடம் இருந்ததால் தேதிகளில் பிழை இராது. நான் நேரில் பார்க்காதவற்றை ரேணுகாவிடமும் அவர் கணவர் காசிமாயனிடமும் தனித்தனியே கேட்டு, இருவர் சொன்னதும் ஒத்துப்போன இடங்களை மட்டும் எழுதியிருக்கிறேன்.

ரேணுகா பிறந்தது மலைமேல் கேரள எல்லையில் உள்ள போடிமெட்டுக்கு அப்பால், ஏலக்காய்த் தோட்டம் ஒன்றின் லயத்தில். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைகள். அதில் ஒன்று அவர்கள் வீடு. அப்பா கன்னையன் செடிகளுக்கு மருந்தடிப்பவர். அம்மா சுருளியம்மாள் காய் எடுப்பவர். அந்த வீட்டில் குப்பை என்று ஒன்று இருந்ததில்லை. உரச்சாக்கு மழைக்குப் போர்வையாகும். கிழிந்தால் ஜன்னலுக்கு மறைப்பாகும். அதுவும் கிழிந்தால் அடுப்புக்குப் போகும். கன்னையனுக்கு நாற்பத்தாறு வயதில் கை நடுக்கம் வந்தது. மருந்து டின்னைத் தூக்க முடியாமல் வேலையை விட்டவர் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. வீடு அவர் பேரில் இருந்ததால் காலி செய்யச் சொன்னார்கள். சுருளியம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு போடிக்கு இறங்கினார்.

ரேணுகா பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஓவியத் தேர்வுகள் எழுதி, தொழிலாசிரியர் சான்றிதழும் வாங்கினார். வேலை கிடைக்கவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போர்டு எழுதும் கடையில் சேர்ந்து, வண்டிகளுக்குப் பேரும் படமும் எழுதினார். தோட்ட வேலையாட்களை மலைக்கு ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுநர் காசிமாயன், ஜீப்பின் பின்பக்கம் கழுகு வரையச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தவர்,

"ஏம்மா, கழுகு போடச் சொன்னா கோழி போட்டு வச்சிருக்க?" என்றார்.

"வண்டிக்கு ஏத்த பறவைதான வந்து ஒக்காரும்" என்றார் ரேணுகா.

அடுத்த வருடம் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசியதை நான் கேட்டதில்லை.

பள்ளியில் சேர்ந்த முதல் வாரம், தலைமையாசிரியர் பிச்சைமணி ஒரு கட்டுச் சாக்பீஸை மட்டும் அவர் கையில் கொடுத்து, "இதான்மா நம்ம ஓவியப் பட்ஜெட்" என்றார். காகிதம் கிடையாது, வண்ணம் கிடையாது. எனவே வீட்டில் தூக்கிப் போடும் பொருள் ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொண்டுவரும்படி ரேணுகா பிள்ளைகளிடம் சொன்னார். மறுநாள் முக்கால்வாசிப் பேர் வெறுங்கையோடு வந்தார்கள். ஒரு பையன் மட்டும் வார் அறுந்த செருப்பு ஒன்றைக் கொண்டுவந்தான். மத்தியானம் அவன் அம்மா வந்துவிட்டார்.

"செருப்பை எறியப் போறேன்னு யாரு டீச்சரம்மா சொன்னது? ஒரு வாரு போட்டா இன்னும் ஆறு மாசம் ஓடுமே. கொண்டாங்க இங்க."

ரேணுகா செருப்பைக் கொடுத்துவிட்டு, லயத்தில் தான் வளர்ந்த விதத்தை மறந்துபோய்விட்டதாக என்னிடம் சொன்னார். அதன் பிறகு வேண்டுகோளை மாற்றினார். அம்மாவும் அப்பாவும் வேலை பார்க்கும் இடத்தில் எறிவதைக் கேட்டு வாங்கி வாருங்கள் என்றார். பொருள்கள் வரத் தொடங்கின. ஏலக்காயை ஏலம் விடும் இடத்தில் மாதிரிக் காய் போட்டுக் காட்டும் சிறிய பிளாஸ்டிக் பைகள், சாக்கு தைத்த சணல், கிழிந்த சல்லடை வலை, ஜீப் டியூப், பழைய காலண்டர் அட்டை. சல்லடை வலை ஜன்னலானது, டியூப் வௌவாலானது. காலண்டர் அட்டையில் செய்த மலைகளுக்குச் சணல் நூலில் பாதை போட்டார்கள், வளைவுகளோடு.

வகுப்புச் சுவரில் ரேணுகா நான்கு விதிகள் எழுதினார். காசு கொடுத்து வாங்கக் கூடாது. கேட்காமல் எடுக்கக் கூடாது. எங்கே கிடைத்தது என்று சொல்லத் தெரிய வேண்டும். செய்தது செய்தவருக்கே சொந்தம். கேட்டால் வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். கடைசி இரண்டு வரியும் சேர்ந்ததுதான் நான்காவது விதி; அது பின்னால் எழுதியது. ஆண்டுவிழாவுக்கு வந்த ஒரு விருந்தினருக்கு, பிள்ளை ஒன்று செய்த வௌவாலைக் குழுவினர் கேட்காமலே தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை அழுததைப் பார்த்து அன்று சாயங்காலமே ரேணுகா அதை எழுதினார்.

செய்து முடித்ததும் ஒவ்வொருவரும் எழுந்து நின்று மூன்று கேள்விகளுக்குச் சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும். இது என்ன, எதில் செய்தது, எங்கே கிடைத்தது. ஓவிய வகுப்பில் பேச்சுப் பயிற்சி எதற்கு என்று பிச்சைமணி கேட்டார். பானுப்பிரியாவுக்காக என்றார் ரேணுகா.

பானுப்பிரியா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து பள்ளியில் வாய் திறக்காத பிள்ளை. வருகைப் பதிவில் பேர் கூப்பிட்டால் கை மட்டும் தூக்குவாள். அப்பா கேரளாவுக்கு வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. அம்மா மொக்கம்மாள் ஒரு குடோனில் ஏலக்காய் தரம் பிரிப்பவர். மூன்றாம் வகுப்பில் ஒருநாள், மாதிரிப் பைகளை ஒட்டி மீன் செய்துவிட்டு பானுப்பிரியா எழுந்து நின்றாள். நெடுநேரம் நின்றாள். பிறகு, "மீனு" என்றாள். அடுத்த மாதத்துக்குள் மூன்று கேள்விக்கும் பதில் வந்தது. நான்காம் வகுப்பில் அவள் குரல் அலுவலக அறைவரை கேட்டது.

மொக்கம்மாள் பள்ளிக்கு வந்து ரேணுகாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்ப வாயே மூட மாட்டேங்குறா டீச்சரம்மா. கழட்டி ஆணியில மாட்டுனாத்தான் உண்டு. குடோன்ல நாங்க பேசுற பேச்செல்லாம் கேட்டுட்டு வந்து எனக்கே திருப்பிச் சொல்றா."

மதுரையிலிருந்து ரயில் மறுபடி போடிவரை வரத் தொடங்கிய பிறகு, பிள்ளைகளுக்கு எதைக் கொடுத்தாலும் ரயில்தான் செய்தார்கள். 2024 ஜூலையில் காய் வரத்து ஆரம்பித்ததும், மொக்கம்மாள் வேலை பார்த்த குடோனிலிருந்து டப்பாக்கள் வந்தன. நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் பலருடைய அம்மாக்கள் அங்கேதான் வேலை. வட்டமான, மூடியுள்ள தகர டப்பாக்கள், எல்லாம் ஒரே அளவு. உள்ளே அடியில் பச்சைப் பொடி ஒட்டியிருக்கும். ஒரே அளவில் இத்தனை டப்பா கிடைத்தது ரேணுகாவுக்குப் பெரிய சந்தோஷம். டப்பா ஒன்று ஒரு பெட்டி. மூடியை வெட்டிச் சக்கரம். கழுவிய அன்று பள்ளிச் சாக்கடையில் பகல் முழுவதும் பச்சைத் தண்ணீர் ஓடியது. நாங்கள் எல்லோரும் அதைத் தாண்டித்தான் நடந்தோம். டப்பாக்களைச் சுரண்டி எடுத்த பொடியை வைத்துக் காகிதக் கூழில் கிளிகள் செய்து நிறம் கொடுத்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏலக்காய் வெளுத்துப் போனால் விலை போகாது. அந்தக் குடோனில் வெளுத்த காய்க்குச் சாயத் தண்ணீர் தெளித்து உலர்த்தினார்கள். செய்யக் கூடாத காரியம்தான். ஆனால் அங்கே உட்கார்ந்து பிரிக்கும் பெண்களுக்கு அது சலிப்பது, புடைப்பது மாதிரி இன்னொரு வேலை. இது ரகசியம் என்று முதலாளி அவர்களிடம் சொன்னதில்லை. ஆகவே பிள்ளைகளிடம் மறைக்க அவர்களுக்கும் தோன்றவில்லை. காலி டப்பாவைக் கேட்டதும் கொடுத்தார்கள். ரேணுகாவுக்கும் அது மூட்டையில் குறி போடும் பொடி என்ற எண்ணம்தான்.

ஆகஸ்ட் 24, சனிக்கிழமை. தேனியில் பள்ளிகளின் கண்காட்சி. ரயில் வகுப்பறையின் ஒரு சுவர் நீளம் இருந்ததால் பஸ்ஸில் ஏற்ற முடியவில்லை. கிளிகளை மட்டும் கொண்டு போனார்கள். பக்கத்து மேசையில், கலப்பட உணவைக் கண்டுபிடிப்பது எப்படி என்று காட்டுவதற்காக ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தார். கூட்டம் குறைந்த நேரத்தில் அவர் எழுந்து வந்தார்.

"அழகா இருக்கே. இது என்ன பாப்பா?"

பானுப்பிரியா நிமிர்ந்து நின்றாள். "கிளி மேடம்."

"எதுல செஞ்சது?"

"பழைய பேப்பரு, கஞ்சிப் பசை, பச்சைப் பொடி."

அதிகாரி பிள்ளையின் விரல்களைப் பார்த்தார். நகக் கண்ணெல்லாம் பச்சை. மூன்றாவது கேள்வியை அவர் கேட்கவில்லை. பானுப்பிரியா தானாகச் சொன்னாள்.

"எங்கம்மா ஏலக்கா பிரிக்கிற குடோன்ல கிடைச்சது. காய்க்கு அடிச்சது போக மிச்சம்."

அத்தனை பேர் நடுவில் அவ்வளவு தெளிவாகப் பேசியதற்காக ரேணுகா அவள் முதுகில் தட்டிக் கொடுத்தார். குடோன் எந்தத் தெருவில் என்று அதிகாரி கேட்டார். கதவின் நிறத்தைக்கூட அவள் சொன்னாள்.

செப்டம்பர் 3 அன்று சோதனை நடந்தது. சாயம் ஏற்றிய காய் ஏழு மூட்டை பிடிபட்டது. குடோனுக்குச் சீல் வைத்தார்கள். வரத்து மும்முரமாக இருந்த நேரத்தில் நாற்பது பெண்கள் வேலையிழந்தார்கள். மலைத் தோட்டத்துக்குப் போகலாமே என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். விடியுமுன் ஜீப் ஏற வேண்டும், இருட்டித் திரும்ப வேண்டும், நாள் முழுக்க ஏற்றத்தில் நிற்க வேண்டும். கைக்குழந்தைக்காரர்களும் முட்டிவலிக்காரர்களும்தான் உட்கார்ந்து செய்யும் வேலை என்று குடோனை நம்பியிருந்தார்கள்.

கண்காட்சியில் பிள்ளை பேசியது இரண்டு நாளில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. முதலாளியின் ஆள் வந்து பெண்களிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனான். இது குடோன் செய்த காரியமில்லை, யாரோ ஒரு வேலையாள் தனியாகச் செய்தது என்று முடிந்தால், குடோன் திறந்துவிடும். யார் என்று அவன் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் மொக்கம்மாள் வீட்டு வாசலில் பெண்கள் கூடினார்கள். முன்னால் நின்றவர் ராக்கு. பத்து வருடமாக மொக்கம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காய் பிரித்தவர்.

"உம் மக வாயால போன பொழப்பு மொக்கு. நீதான் திருப்பித் தரணும்."

"அது பச்சப்பிள்ளைடி ராக்கு. அதுக்கு என்ன தெரியும்?"

"எம் புள்ளைகளுக்கும் ஒண்ணும் தெரியாது. பசிக்குதுன்னு மட்டும் தெரியுது. அபராதம் வந்தா மொதலாளி கட்டுறாராம். உன்னையத் திரும்பச் சேத்துக்கிறாராம். ஒரு கையெழுத்துதான்டி."

மொக்கம்மாள் செப்டம்பர் 9 அன்று எழுதிக் கொடுத்தார். குடோனில் கழித்துப் போட்ட காயைத் தான் விலைக்கு வாங்கி, தானே சாயம் ஏற்றி, வெளியே விற்பதற்காக அங்கே மறைத்து வைத்ததாக. முதலாளி கொடுத்த இரண்டு வாக்குகளையும் யாரும் எழுதி வாங்கவில்லை.

பானுப்பிரியா ஒரு வாரம் பள்ளிக்கு வராததால் ரேணுகா வீட்டுக்குப் போனார். பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"பேச மாட்டேங்குறா டீச்சரம்மா. மூணாப்புக்கு முந்தி எப்பிடி இருந்தாளோ அப்பிடி ஆயிட்டா." மொக்கம்மாள் குரலை இறக்கினார். "அபராதம் லட்சக்கணக்குல வருமாம்ல? செயிலுகூட உண்டுங்குறாக. மொதலாளி ஆளு இப்ப என்னையக் கண்டா எதிர்த் தெருவுல போறான்."

ரேணுகா ரயிலைப் பற்றிச் சொன்னார். ஒருத்தி தனியாகக் கழிவுக் காய்க்குச் சாயம் போட்டால் ஒரு டப்பா காலியாகும், இரண்டு காலியாகும். வகுப்பறையில் இருப்பதோ ஒரு சுவர் நீள ரயில். ஒவ்வொரு பெட்டியையும் ஒவ்வொரு பிள்ளை, தன் அம்மாவிடம் கேட்டு வாங்கி வந்தது. அதை அதிகாரி பார்த்தால் அந்தக் காகிதம் நிற்காது.

"அப்ப நான் எழுதிக் கொடுத்தது?"

"பயந்துபோய் எழுதுனீங்கன்னு சொல்லுவோம்."

மொக்கம்மாள் மகளைப் பார்த்தார். "காட்டுங்க" என்றார்.

வீட்டில் காசிமாயன் சம்மதிக்கவில்லை. "குடோன் திறக்கலைன்னா அத்தனை பொம்பளைகளும் உன்னையத்தான் வைவாளுக. எவளும் என் ஜீப்புல ஏற மாட்டா. டீசலுக்கு யாரு குடுப்பா, உன் கிளியா?"

"மொக்கம்மா ஏறுவாங்க."

"அவ ஒருத்திக்கு ஜீப்பு என்னத்துக்கு? தோள்ல தூக்கிட்டே மலையேறிருவேன்." பிறகு, "எப்ப வர்றாக அந்த ஆபீசரம்மா?" என்று கேட்டார்.

ரேணுகா கூப்பிட்டதற்கு, அதிகாரி செப்டம்பர் 19 அன்று வருவதாகச் சொன்னார். பள்ளிக்குள் நடப்பதால் ரேணுகா தலைமையாசிரியரிடம் முன்கூட்டிச் சொன்னார். பிச்சைமணி நிர்வாகக் குழுவுக்குச் சொன்னார். குழுவில் இருந்த ஒருவர் குடோன்காரரின் மைத்துனர்.

18ஆம் தேதி காலை இடைவேளை முடிந்ததும் அம்மாக்கள் வந்தார்கள். கோஷம் இல்லை, சண்டை இல்லை. வரிசையாக வந்து வகுப்பு வாசலில் நின்றார்கள். நான் அலுவலகத்திலிருந்து எழுந்து வந்து பார்த்தேன். ராக்கு சுவரில் இருந்த நான்காவது விதியைக் காட்டினார்.

"எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் டீச்சரம்மா. 'செய்தது செய்தவருக்கே சொந்தம். கேட்டால் வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும்.' எம் மகன் செஞ்ச பெட்டியக் கேட்டு வந்திருக்கேன்."

ரேணுகா வாசலை மறித்து நின்றார். "ஒரு நாள் பொறுங்க ராக்கு அக்கா. நாளைக்கு நானே உங்க வீட்டுக்குக் கொண்டாந்து தர்றேன்."

"நாளைக்கு எங்களுக்கு வேணாம்."

"மொக்கம்மா என்ன ஆவாங்கன்னு தெரியுமா?"

"தெரிஞ்சுதான் வந்திருக்கோம். நாங்க கெட்டவுகன்னு நெனச்சுக்கங்க. எங்க வீட்டுக்கு வந்து அடுப்பத் தொட்டுப் பாத்துட்டு நெனச்சுக்கங்க."

ரேணுகா பிச்சைமணியைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "விதி நீ எழுதுனதுதானம்மா" என்றார்.

ராக்கு உள்ளே போய்த் தன் மகன் பேர் எழுதிய பெட்டியைப் பிடித்து இழுத்தார். பெட்டிகள் கம்பிக் கொக்கிகளால் இணைக்கப்பட்டிருந்தன. ஒன்றை இழுத்ததும் பக்கத்துப் பெட்டியின் தகரம் கிழிந்தது. அந்தப் பெட்டியைச் செய்த சிறுமி வீறிட்டாள். இன்னொரு பெண் அடுத்த பெட்டியை இழுத்தார். ராக்குவின் மகன் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டான்.

"யம்மா, ரயிலு போயிரும்மா."

"போனாப் போகுது. சோறு வரணும்ல."

அப்போது ரேணுகா மேசை டிராயரைத் திறந்து குறடை எடுத்தார். "இழுக்காதீங்க, கிழியுது" என்றார். சுவரோரம் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கொக்கியாகத் திருகிக் கழற்றினார். கழற்றிய பெட்டியில் இருந்த பேரைப் படித்தார். அந்தப் பிள்ளையின் அம்மா வந்து வாங்கிக்கொண்டார். சில அம்மாக்கள் வாங்கும்போது, "வர்றேன் டீச்சரம்மா" என்றார்கள், பழக்கத்தில். கடைசியில் சுவரோரம் என்ஜின் மட்டும் இருந்தது. ஒரு டப்பா, முன்னால் ஒரு மூடி. அது பானுப்பிரியா செய்தது.

மறுநாள் அதிகாரி வந்தார். என்ஜினைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுதான் இருக்கா?"

நடந்ததை ரேணுகா சொன்னார். செல்போனில் இருந்த படத்தைக் காட்டினார். அதிகாரி பெரிதாக்கிப் பார்த்தார். எல்லாப் பெட்டிகளுக்கும், போர்டு எழுதும் கடையில் கேட்டு வாங்கிய மிச்ச நீலமும் சிவப்பும் பூசியிருந்தது. டப்பாவில் அச்சடித்திருந்த எதுவும் தெரியவில்லை. பிறகு அவர் ராக்குவின் வீட்டுக்கும் இன்னும் சில வீடுகளுக்கும் போய்க் கேட்டார். டப்பாவா, எங்களுக்குத் தெரியாது என்றார்கள். பெட்டிகளை முந்தின நாளே நசுக்கிப் பழைய இரும்புக் கடையில் போட்டிருந்தார்கள்.

"நீங்க சொல்றத நான் நம்புறேன்மா" என்றார் அதிகாரி. "எழுதியும் எடுத்துக்கிறேன். ஆனா அதத் தாங்குறதுக்கு ஏதாவது ஒண்ணு வேணும்ல?"

வகுப்பில் இருந்த சாயப் பொருள் என்பதால் என்ஜினை அவர் விட்டுவிட்டுப் போக முடியவில்லை. உறையில் போட்டு அரக்கு வைத்தார். கொடுத்தவர் பேர் எழுதும் இடத்தில் ரேணுகா, செய்தவர் பேர் எழுதும் இடத்தில் மொக்கம்மாளின் மகள் பானுப்பிரியா. ஒரு டப்பா, ஒரு வீடு. மொக்கம்மாள் எழுதிக் கொடுத்ததற்கு அது பொருந்தியது.

செப்டம்பர் 30 அன்று, குழுவில் பணம் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி ரேணுகாவை நிறுத்தினார்கள். சம்பளத்தை நான்தான் எண்ணிக் கொடுத்தேன். சுவரில் இருந்த விதிகளை அழிக்க ஈரத்துணி கேட்டார், துடைத்துவிட்டுப் போனார்.

குடோன் அக்டோபர் கடைசியில் திறந்தது. பெண்கள் திரும்பினார்கள். மொக்கம்மாள் போய் நின்றபோது, கேஸ் இருப்பவரை எப்படிச் சேர்ப்பது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். வேறு குடோன்களிலும் அதே பதில். அவர் காசிமாயனின் ஜீப்பில் தோட்டத்துக்குப் போகத் தொடங்கினார். வீட்டில் விட ஆளில்லாததால் மகளையும் கூட்டிப் போனார். காசிமாயன் அவர்களிடம் வாடகை வாங்கவில்லை. வேறு பள்ளியில் இடம் கிடைக்காததால் ரேணுகாவும் அதே ஜீப்பில் காய் எடுக்கப் போனார். மூன்று பேரும் பின் இருக்கையில் ஒரே பக்கம். மற்ற பெண்கள் எதிர்ப்பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஜீப்பில் ரேணுகா சணலையும் அட்டையையும் பானுப்பிரியாவின் மடியில் வைப்பார். அவள் அதைத் தொடாமல் இறங்கிவிடுவாள். ஒருமுறை மொக்கம்மாள் சொன்னார்:

"விடுங்க டீச்சரம்மா. நீங்க நல்லதுதான் செஞ்சீக. பேசக் கத்துக் குடுத்தீக. அது பேசுச்சு. இனி அதுக்குக் கைகாலு மட்டும் இருந்தாப் போதும்."

ரேணுகா சணலையும் அட்டையையும் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார் என்று காசிமாயன் சொன்னார். ரேணுகாவும் அப்படியே சொன்னார்.

ரேணுகா மாவட்ட அதிகாரிகளுக்கு விடாமல் மனு எழுதினார். தான் பார்த்தது, பிள்ளைகள் சொன்னது, எந்த வாரம் யார் டப்பா கொண்டுவந்தார்கள் என்பது வரை நினைவிலிருந்து எழுதி, மொக்கம்மாளின் கையெழுத்து மிரட்டி வாங்கியது என்று முடித்திருந்தார். முதல் மனுவுக்கு, கிடைக்கப்பெற்றது என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு, பரிசீலனையில் உள்ளது என்று வந்தது. மனுக்களில் அவர் பள்ளி முகவரியைக் கொடுத்திருந்தார். ஆசிரியை என்று இருந்தால் மதிப்பார்கள் என்ற எண்ணம். பதில் வந்ததும் நான் காசிமாயனிடம் சொல்லி அனுப்புவேன்.

டிசம்பரில் விசாரணைக்கு அழைத்தார்கள். ராக்கு வந்து சாட்சி சொன்னால் போதும் என்று ரேணுகா அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டார். ராக்கு காபி போட்டுக் கொடுத்தார். "அவளுக்காக நான் நெதம் அழுகுறேன் டீச்சரம்மா. ஆனா வர மாட்டேன்" என்றார். விசாரணை நாளில் ரேணுகாவும் மொக்கம்மாளும் மட்டும் தேனிக்குப் போனார்கள். ஏன் முதலில் ஒப்புக்கொண்டாய் என்று கேட்டார்கள். எல்லோரும் கேட்டார்கள், அதனால் ஒப்புக்கொண்டேன் என்றார் மொக்கம்மாள். எல்லோரும் என்றால் யார் என்று கேட்டார்கள். அவர் ராக்குவின் பேரையோ வேறு பேரையோ சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது ரேணுகா காரணம் கேட்டார்.

"இந்த ஊர்ல பேரு சொன்னா என்ன ஆகும்னு நான் பாத்துட்டேன்ல" என்றார் மொக்கம்மாள்.

ஜனவரியில் பொங்கல் கழிந்ததும் மொக்கம்மாள் வீட்டைக் காலி செய்தார். கேரளப் பக்கம் உள்ளே, ஜீப் போகாத ஒரு தோட்டத்தில் லயம் கிடைத்ததாகச் சொன்னார். எந்தத் தோட்டம் என்று சொல்லவில்லை. பானுப்பிரியாவுக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்டு யாரும் வரவில்லை. அவள் பேசுகிறாளா என்று தெரியாது. ரேணுகா மேலே போகும் ஜீப்காரர்கள் எல்லோரிடமும் விசாரித்துக்கொண்டிருந்தார். மனு ஜெயித்தால் அதைச் சொல்லவாவது இடம் தெரிய வேண்டுமே என்றார்.

கடைசிக் கடிதம் ஒரு பக்கம். மொக்கம்மாள் தானே எழுதிக் கொடுத்த ஒப்புதலுக்கு மாறாக நம்பத்தக்க சான்று ஏதும் முன்வைக்கப்படவில்லை; கைப்பற்றப்பட்ட டப்பா ஒன்று அந்த ஒப்புதலை உறுதி செய்கிறது; ஆகவே மனு நிராகரிக்கப்படுகிறது; அபராதத்தை மொக்கம்மாள் செலுத்த வேண்டும். உறையின் மேல் 'ரேணுகா, ஓவிய ஆசிரியை' என்று இருந்தது. அது பள்ளிக்கு வந்து சேர்ந்த நாள் 2025 மார்ச் 12, புதன்கிழமை.